குரங்குகளும் நாங்களும் கிளம்பிய விதம்

என் கல்யாணப் பேச்சு ஒருமுறை எங்கள் வாசலிலும் இன்னொருமுறை தலாத்துஓயாவிலும் நின்றுபோனது. பெண் வீட்டாருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றோ சாதகம் பொருந்தவில்லை என்றோ இருந்தால் மனசு ஆறியிருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. பெண்ணுக்கும் சம்மதம், பெண்ணின் அப்பாவுக்கும் சம்மதம், சாதகமும் சரி. எங்கள் வீட்டு ஆட்களால் வீட்டை விட்டுக் கிளம்ப முடியவில்லை. அவ்வளவுதான் காரணம்.

நான் பொறுமை இல்லாதவன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் அது உடனே புறப்பட வேண்டும். டீ கேட்டால் கேட்ட வாய் மூடுவதற்குள் வர வேண்டும். அப்படிப்பட்ட ஆளுக்கு வாய்த்த வேலை என்ன தெரியுமா? குரங்குகள் எப்போது கிளம்பும் என்று மரத்தடியில் உட்கார்ந்து பார்ப்பது.

கண்டி வாவிக்கு மேலே இருக்கும் காட்டில் பல்கலைக்கழகத்து ஆட்கள் சிலர் குரங்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். சிங்களத்தில் ரிலவா என்று சொல்வார்களே, அந்தச் செங்குரங்கு. உச்சந்தலை மயிரைச் சுற்றிவரச் சீவி விட்ட மாதிரி இருக்கும். நான் அங்கே உதவியாளன். கிழமை நாட்களில் குண்டசாலையில் ஒரு வாடகை அறையில் தங்கி, காலையில் முதல் பஸ் பிடித்துக் காட்டுக்குப் போய்விடுவேன். சனிக்கிழமை மாலை ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்துக்கு, வீட்டுக்கு வருவேன். தோட்டத்தில் யாராவது கேட்டால், மகனுக்குக் கண்டியில் அரசாங்க வேலை என்று அப்பா சொல்வார். எந்த இலாகா என்று மேலே கேட்டால் அவருக்கு இருமல் வந்துவிடும். அத்தைதான் உள்ளே இருந்து சத்தமாகச் சொல்வார்.

“குரங்கு மேய்க்கிறான்னு சொல்லுங்கண்ணே. களவா பண்றான்?”

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கொழுந்து எடுக்கிறவர். கல்யாணமாகி வேறு தோட்டத்துக்குப் போய், புருஷன் காய்ச்சலில் செத்துப்போன பிறகு எங்களோடு வந்து சேர்ந்தவர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். வாய் மட்டும் இரண்டு ஆளுக்குக் காணும்.

காட்டில் என்னோடு வேலை செய்தவர் ஒரு யாழ்ப்பாணத்து மாணவர். எனக்கும் அவருக்கும் தினமும் காலையில் ஒரே சண்டை. குரங்குகள் இரவு தங்கும் மரத்திலிருந்து காலையில் கிளம்பும்போது எந்தப் பக்கம் போகும், யார் முடிவு செய்வது? மேலே போனால் அத்திப் பழம். கீழே போனால் ஹோட்டல் குப்பை. பாதிக் கூட்டம் மேலே பார்க்கும், பாதிக் கூட்டம் கீழே பார்க்கும். ஆண் குரங்கு ஒன்று, பெரிய கடுவன், இருந்தது. மார்பை விரித்துக்கொண்டு நடக்கும். அது பல்லைக் காட்டினால் மற்றக் குரங்குகள் வழி விட்டு ஒதுங்கும். அதுதான் தலைவன் என்று நான் அடித்துச் சொன்னேன். என் அப்பா கங்காணி. ஒரு சத்தம் போட்டால் கொழுந்துக் கூடையோடு ஒரு மலையே எழுந்து அடுத்த மலைக்கு நகரும். கூட்டம் நகர்வது அப்படித்தான் என்று பார்த்து வளர்ந்தவன் நான்.

மாணவர் ஒரு கிழட்டுப் பெண் குரங்கைக் காட்டுவார். ஒரு காது பாதி இல்லை. பின்னங்கால் கொஞ்சம் இழுக்கும். நாங்கள் அதைக் காதறுந்தவள் என்போம்.

“நீர் ஆர் பலசாலி எண்டு பாக்கிறீர்” என்பார். “ஆர் ஆருக்குப் பேன் பாக்கினம் எண்டு பாரும்.”

தோற்றவர் பிளேன்டீ வாங்கித் தர வேண்டும் என்று பேச்சு. நான் வாங்கிக் கொடுத்த பிளேன்டீயில் அந்த ஆள் குளித்திருக்கலாம். ஏனென்றால் நடப்பது இதுதான். கடுவன் எழுந்து கீழ்ப்பக்கக் கிளைக்குப் போகும். நான்கு எட்டு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும். பின்னால் ஒருவரும் இல்லை. உடனே, தான் இந்தக் கிளை வரைக்கும்தான் வர நினைத்தது போல, உட்கார்ந்து தொடையைச் சொறியும். பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி திரும்பி வரும். காதறுந்தவளுக்கு அவசரமே கிடையாது. அவளைச் சுற்றி நாலைந்து பேர் எப்போதும் ஒட்டிக்கொண்டிருப்பார்கள். இவள் ஒருத்திக்குப் பேன் பார்ப்பாள், இன்னொருத்தி இவள் முதுகைப் பார்ப்பாள், குட்டி ஒன்று வாலைப் பிடித்துத் தொங்கும். எல்லாம் முடிந்து அவள் எழுந்து, காலை இழுத்துக்கொண்டு மேல்பக்கமாகக் கொஞ்சம் போய், உட்கார்ந்து திரும்பிப் பார்ப்பாள். முதலில் மகள் எழும்புவாள். பிறகு தங்கச்சிக்காரி. பிறகு பேன் பார்த்தவர்கள், பேன் பார்க்கப்பட்டவர்கள். மரமே காலியாகும். கடைசியில் கடுவன் அவசர அவசரமாக ஓடி வந்து கூட்டத்துக்கு முன்னால் போய் நின்று நெஞ்சை நிமிர்த்தும்.

அதைப் பார்த்த பிறகும் நான் கடுவன் பக்கமே பந்தயம் கட்டினேன். எனக்கு அந்தக் கடுவன் மேல் ஒரு பரிதாபம்.

அட்டைக்கடிக்கு மருந்து வாங்கப் போன இடத்தில்தான் அவளைப் பார்த்தேன். கண்டி டவுனில் ஒரு பாமசியில் வேலை செய்தாள். ஊர் ஹுன்னஸ்கிரிய. காட்டில் வேலை செய்கிறவனை அட்டை கடிக்கும், சரிதான். ஆனால் நான் மருந்து வாங்கிய வேகத்துக்கு என்னைக் கடிக்க மத்திய மலைநாட்டு அட்டைகள் போதாது. நாலு மாதத்தில் அவளுக்கும் விஷயம் விளங்கிவிட்டது. வீட்டில் வந்து முறையாகப் பெண் கேட்கச் சொன்னாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம். அதற்குள் ஹுன்னஸ்கிரிய போய்ச் சேர வேண்டும். கண்டிக்குப் போய், திகன, தெல்தெனிய வழியாக மலையேற வேண்டும். கடைவீதியில் வேன் வைத்திருந்த முஸ்லிம் நானாவைப் பேசியிருந்தோம். வேன் எங்கள் லய வீடுகள் வரைக்கும் வராது, கீழே தார் ரோட்டில் நிற்கும். அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, அக்கா, நான். ஐந்து பேர், ஒற்றைப்படை. இந்தக் கணக்கு மாமாவுடையது. எங்கள் பக்கம் சகுனம், நாள், நேரம் எல்லாவற்றுக்கும் மாமா வைத்ததுதான் சட்டம்.

அத்தை வரவில்லை. வருவது என்ற பேச்சே இல்லை. புருஷனை இழந்தவர்கள் நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் எதிரே வரக்கூடாது என்பது வழக்கம். அதை எங்களை விடக் கண்டிப்பாகப் பார்ப்பவர் அத்தைதான். தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், பூ எல்லாம் அடுக்கியவர் அவர். அக்காவுக்குப் புடவை மடிப்பு வைத்துவிட்டவர் அவர். அப்பாவின் கோட்டில் பொத்தான் தைத்தவரும் அவர். எல்லாம் முடித்து, அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“கிளம்புங்க” என்றார் அப்பா. எதிர் மலைக்குக் கேட்டிருக்கும்.

இஸ்தோப்புத் திண்ணையைத் தாண்டினோம். பக்கத்து வீட்டு அம்மா தலையை நீட்டி, “குடும்பத்தோட எங்க கிளம்பிட்டீங்க?” என்று கேட்டுவிட்டார்.

கிளம்புகிறவர்களை எங்கே என்று கேட்டால் தொலைந்தது. திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். வந்தோம், உட்கார்ந்தோம், குடித்தோம், எழுந்தோம். இரண்டாம் முறை வெளியே வந்தால் அந்த அம்மா அதே இடத்தில் நிற்கிறார். “இன்னும் போகலியா?” என்றார். இதுவும் கேள்வியில் சேர்த்தியா என்று ஒரு விவாதம். சேர்த்திதான் என்று மாமா தீர்ப்புச் சொன்னார். மறுபடி வந்து உட்கார்ந்தோம்.

தண்ணீர் கொண்டுவர அக்கா அடுப்படிக்குப் போனாள். திரும்பவில்லை. தாம்பாளத்தில் பாக்கு வைத்ததா என்று கேட்டு வர அம்மா போனார். திரும்பவில்லை. வாய்க்கு ஒரு வெற்றிலை மடித்து வாங்கி வருகிறேன் என்று மாமா போனார். இவர்களை இழுத்து வருகிறேன் என்று அப்பா போனார். நான் வாசலில் தனியாக, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் நானும் போய்ப் பார்த்தால், அத்தை ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கிறார். நான்கு பேரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பா கோட்டோடு பலகையில் உட்கார்ந்து கட்டசம்பலைத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். அத்தை, தேயிலைத் தொழிற்சாலையில் எவனோ எவளையோ பார்த்து இளித்து மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“என்னைச் சுத்தி உக்காந்து என்னத்தைக் கண்டீங்க? போங்களேன்” என்றார் அத்தை, அடுத்த ரொட்டியைத் தட்டியபடி.

“இந்தா, இதைத் தின்னுட்டு ஒரே ஓட்டம்” என்றார் அப்பா.

அன்றைக்கு ஓட்டமும் இல்லை, நடையும் இல்லை. நான் கீழே போய் நானாவிடம் நேரம் போய்விட்டது என்று சொன்னேன்.

“மகன்,” என்றார் நானா, “என்ட வேன் பழசுதான். ஆனா உங்கட ஊட்டு ஆக்கள விடச் சுருக்கா ஸ்டார்ட் ஆகும்.”

இரண்டாம் ஞாயிறு அப்பா கங்காணி முறையில் இறங்கினார். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு முதல் நாளே சொல்லி வாயைக் கட்டியாயிற்று. தண்ணீர், வெற்றிலை எல்லாம் வேனிலேயே. எட்டு மணிக்கு முன்னாலேயே வேன் நகர்ந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் வேனுக்குள் ஒரு சத்தம் இல்லை. சாவு வீட்டுக்குப் போகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். தலாத்துஓயாவை நெருங்கும்போது அம்மா மெதுவாகச் சொன்னார்.

“அவ தனியா என்ன சாப்பிட்டாளோ.”

“அடுப்படிக் கதவு வெளியால கொண்டி போட்டிருந்திச்சே, யாரு போட்டது?” என்று கேட்டாள் அக்கா.

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“சகுனத்துக்குப் போட்டேன்” என்றார் கடைசியில். “தெரியாத்தனமா வெளிய வந்துட்டா?”

அடுப்பு எரிகிற அறைக்குள் ஒரு மனுஷியை வைத்துப் பூட்டிவிட்டுப் பெண் கேட்கப் போகிறோம். வேனைத் திருப்பச் சொல்லி நானே கத்தினேன். வீட்டுக்கு ஓடினால், அத்தை ஜன்னல் வழியாக இறங்கி, பின்பக்கம் கல்லில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

“அதுக்குள்ள போன காரியம் முடிஞ்சிருச்சா?” என்றார்.

மறுநாள் பாமசிக்குப் போனேன். அவள் மருந்துப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

“எங்க அப்பா ரெண்டு தடவை சோறாக்கி வச்சிட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாரு. மூணாவது தடவை பன்னெண்டு மணிக்குள்ள வரல்லன்னா என்னைக் கேட்டு வந்த மாத்தளை ஆளுங்களுக்குச் சரின்னு சொல்லிருவாராம்.”

“நீ என்ன சொன்னே?”

“நான் என்ன சொல்றது? வராத ஆளுகளுக்கு நான் என்னன்னு பேசுறது?” என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு அந்த நேரம் என் குடும்பத்தின் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

காட்டில் மாணவரிடம் கொட்டித் தீர்த்தேன். கங்காணி என்ற பெயர்தான் பெரிது, நாலு பேரை வேனில் ஏற்றி ஓர் ஊருக்குக் கொண்டுபோக முடியவில்லை என்று திட்டினேன். அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“உங்கட வீட்டிலை ஆர் ஆருக்குப் பேன் பாக்கினம்?”

எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. அன்று அவருக்கு டீ வாங்கிக் கொடுக்கவில்லை.

ஆனால் சனிக்கிழமை வீட்டுக்குப் போனவன் சும்மா இருக்க முடியாமல் பார்த்தேன். இஸ்தோப்பில் மாலை வெயில். அத்தை உட்கார்ந்திருக்கிறார். அவர் முழங்காலுக்கு நடுவே அக்காவின் தலை, பேன் பார்ப்பு நடக்கிறது. அக்கா எழுந்ததும் அம்மா வந்து உட்கார்ந்தார், எண்ணெய் வைக்க. மாமா பக்கத்தில் வந்து குந்தினார். கேட்காமலே ஒரு வெற்றிலை மடிப்பு அவர் கைக்குப் போனது. அப்பா, ஊரையே அதட்டுகிற அப்பா, காதைக் காட்டிக்கொண்டு வந்து நின்றார். காது மயிரைக் கத்தரிக்க அத்தையை விட்டால் ஆளில்லை. நானும் அந்த நேரம் என் கழுத்தில் இருந்த அட்டைக்கடியை அவரிடம் காட்டத்தான் போய்க்கொண்டிருந்தேன். பாதி வழியில் நின்றேன். தினமும் காலையில் மரத்தில் பார்க்கிற காட்சி சேலையும் சாரமும் கட்டிக்கொண்டு எங்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டில் நான் சொன்னேன், நாளைக்கு அத்தையும் வரட்டும் என்று. மாமாவுக்குப் புரையேறியது. அப்பா என்னை, குரங்கோடு சேர்ந்து புத்தி கெட்டுவிட்டதா என்று கேட்டார். எல்லோரையும் விட அதிகமாகக் கத்தியது அத்தை.

“எனக்கு ஏன்டா அந்தப் பாவம்? உன் வாழ்க்கை நல்லா இருக்கணும்னு நான் அடுப்படியில கிடக்கிறேன். நீ என்னையப் புடிச்சு முன்னால நிறுத்தப் பாக்குற.”

நான் படுக்கப் போனேன். மாத்தளை மாப்பிள்ளைக்குச் சொட்டைத் தலையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மூன்றாம் ஞாயிறு காலை. வேன் கீழே வந்து ஹார்ன் அடித்தது. அப்பா கோட்டுப் போட்டு, “கிளம்புங்க” என்றார். அம்மா தாம்பாளத்தை எடுத்தார். எடுத்துவிட்டு அடுப்படியைப் பார்த்தார். அக்காவும் அடுப்படியைப் பார்த்தாள்.

அடுப்படிக் கதவு திறந்தது. அத்தை வெளியே வந்தார். வெளுத்த பச்சைச் சேலை, ஒரு கையில் குடை, ஒரு கையில் கோரையில் பின்னிய பன் பை. எங்கள் ஐந்து பேருக்கும் நேர் எதிரே வந்து நின்றார். மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

“நான் தெல்தோட்டையில என் கூட்டாளி வீட்டுக்குப் போறேன்” என்றார் அத்தை. “நான் இந்த வீட்டுல இருக்கிற வரைக்கும் நீங்க ஒருத்தரும் நகர மாட்டீங்க. நான் போன பொறகு தண்ணியக் குடிச்சிட்டு, நல்ல நேரம் பாத்துக் கிளம்புங்க. புள்ளையோட வாழ்க்கை.”

சொல்லிவிட்டுக் குறுக்குப் பாதையில் விறுவிறு என்று இறங்கினார். அவர் குரல் கடைசியில் உடைந்தது எனக்குக் கேட்டது.

“ஏய், நில்லு” என்று அம்மா பின்னால் போனார், கையில் தாம்பாளத்தோடு. அதை வைத்துவிட்டுப் போக அவருக்குத் தோன்றவில்லை. “அத்தை, அத்தை” என்று அக்கா புடவையைத் தூக்கிக்கொண்டு அம்மாவின் பின்னால். மாமாவுக்குக் கொஞ்ச நேரம் போராட்டம். பிறகு, “என் வெத்திலை மடிப்பெல்லாம் அந்தப் பையிலதான் இருக்கு” என்று யாருக்கோ சொல்லிவிட்டு அவரும் இறங்கினார். பக்கத்து வீட்டு அம்மா தலையை நீட்டி, “எல்லாரும் எங்க ஓடுறீங்க?” என்று கேட்டார். ஒருவரும் திரும்பவில்லை. தண்ணீர் குடிக்க யாருக்கும் ஞாபகமே இல்லை.

பாதை வளைவில் அத்தை நின்று திரும்பிப் பார்த்தார். எல்லோரும் நின்றார்கள். “போங்க வீட்டுக்கு” என்றார். மறுபடி நடந்தார். எல்லோரும் நடந்தார்கள். நான் பின்னால் மெதுவாக இறங்கினேன். ஓடிப்போய்க் கெடுத்துவிடக் கூடாது என்று பயம். அந்த நேரத்தில்தான் என்னைத் தள்ளிக்கொண்டு ஒரு உருவம் பறந்தது. அப்பா. அக்காவைத் தாண்டி, அம்மாவைத் தாண்டி, அத்தையையும் தாண்டிக் கூட்டத்துக்கு முன்னால் போய், கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “ம், நடங்க நடங்க, நேரமாகுது” என்று சத்தம் போட்டார். நான் பாதையோரக் கொய்யா மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

தார் ரோட்டுக்கு வந்து சேர்ந்தோம். வேன் கதவு திறந்திருந்தது. அத்தை வேனைப் பார்க்காமல், “தெல்தோட்டை பஸ் போயிருச்சா நானா?” என்று கேட்டார். அம்மா மதகுக் கட்டையில், பட்டுச் சேலையோடு, தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். மாமா இரண்டு பேருக்கும் நடுவில் இடம் தேடினார்.

“என்ன உக்காந்துட்டீங்க?” என்றார் அத்தை.

“நீ பஸ் ஏறு, நாங்க பாத்துட்டுப் போறோம்” என்றார் அம்மா.

அப்பா வானத்தைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு மலையையே நகர்த்திய குரல் அன்று மிகவும் சின்னதாக வந்தது.

“தங்கச்சி, வேன்ல ஏறும்மா.”

“நல்ல காரியம்ண்ணே.”

“நல்ல காரியத்துக்குத்தாம்மா கூப்பிடுறேன்.”

அத்தை குடையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். அப்போது பார்த்து மாமா, இவரும் ஏறினால் ஆறு பேர், இரட்டைப்படை ஆகிவிடுமே என்றார். நான் அவரை அடித்திருப்பேன். நானா பின்னால் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

“நானும் மனிசன்தானே? என்னையும் சேத்தா ஏழு.”

மாமா விரல் விட்டு எண்ணிப் பார்த்து, சரி என்றார். அத்தை ஏறினார். அடுத்த நிமிடம் வேன் நிறைந்திருந்தது.

தலாத்துஓயாவைத் தாண்டும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். வெற்றிலை மடிப்பு கைமாறியது. திகன தாண்டி மலையேறும்போது அத்தை என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

“ஏன்டா, உன் குரங்குக் கூட்டத்துல புருஷன் செத்தவள என்ன பண்ணுவாங்க?”

“ஒண்ணும் பண்ணாதுங்க அத்தை. யாரு புருஷன்னு அதுங்களுக்கே தெரியாது.”

அத்தை ஒரு வெற்றிலையை எடுத்து வாயில் அடக்கினார். “நல்ல சாதி” என்றார்.

ஹுன்னஸ்கிரியவில் பெண் வீட்டு வாசலில் வேன் நிற்கும்போது பன்னிரண்டுக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. பெண்ணின் அப்பா சந்தனக் கும்பாவோடு வாசலில் நின்றார். பின்னால் அவருடைய ஆட்கள். அத்தை ஜன்னல் பக்கம் ஒதுங்கி, குடையை மடியில் போட்டுக்கொண்டார்.

“நான் இங்கேயே இருக்கேன். நீங்க போயிட்டு வாங்க.”

அப்பா இறங்கினார். கோட்டைச் சரிசெய்தார். வாசலை நோக்கி நான்கு எட்டு வைத்தார். திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒருவரும் இல்லை. கொஞ்சம் நின்றார். பிறகு வேனின் முன்சக்கரத்துக்குப் போய், டயரைக் காலால் தட்டிப் பார்த்து, அதற்காகத்தான் இறங்கியவர் போலத் தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

பெண்ணின் அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையில் கும்பாவோடு எங்களையே பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். என் வாழ்க்கையிலேயே நான் அப்படிப் பொறுமையாக இருந்தது அந்த ஒரு முறைதான். அம்மா தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அத்தையைப் பார்த்தாள். மாமாவும் பார்த்தார். சகுனம், நாள், நேரம் எல்லாம் தெரிந்த மாமா.

“எல்லாரும் ஏன் என் மூஞ்சியையே பாக்குறீங்க?” என்றார் அத்தை.

அத்தை எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். பிறகு நாக்கைச் சப்புக்கொட்டி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வேனை விட்டு இறங்கினார். இறங்கித் திரும்பிப் பார்ப்பதற்குள் அம்மா இறங்கிவிட்டார், அக்கா இறங்கிவிட்டாள், மாமா இறங்கிவிட்டார், நான் இறங்கிவிட்டேன். நானாவும் கணக்குக்காக இறங்கினார். அப்பா முன்னால் ஓடிப்போய், “வணக்கம், வணக்கம்” என்று கும்பிட்டார்.

உள்ளே கதிரைகளில் உட்கார்ந்தோம். அத்தை மட்டும் கதவோரமாக, யார் கண்ணிலும் படாத மாதிரி ஒரு முக்காலியில். பெண்ணைக் கூப்பிட்டார்கள். பாமசியில் தினமும் பார்க்கிறவள்தான், ஆனால் புடவையில் பார்த்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். பெரியவர்கள் காலில் விழும்மா என்றார் அவள் அப்பா. அவள் என் அப்பாவைத் தாண்டி, என் அம்மாவைத் தாண்டி, நேராகக் கதவோரம் போய் அத்தை காலில் விழுந்தாள்.

அத்தை காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார், இடமில்லை. மாமா வாயைத் திறந்தார். அம்மா திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்ததும் மூடிக்கொண்டார். ஆள் தெரியாமல் விழுந்துவிட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து ஒருநாள் அவளிடம் அதைச் சொன்னேன்.

“ஆள் தெரியாமலா?” என்றாள் என் மனைவி. “ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். அவங்க இறங்குற வரைக்கும் உங்க வீட்டுல ஒருத்தரும் இறங்கல்ல. அப்புறம் நான் வேற யாரு கால்ல விழுறது?”

நான் எத்தனையோ காலை மரத்தடியில் உட்கார்ந்து, எத்தனையோ பிளேன்டீ தோற்றுப் படித்ததை அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் படித்திருக்கிறாள்.

அன்று அத்தை கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு அவள் தலையில் இறங்கியது. அத்தைக்குக் கண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஆனால் பழகிப்போன கை சும்மா இருக்குமா? விரல்கள் தானாக முடியைப் பிரித்து, வகிட்டை ஒதுக்கி, உள்ளே பார்க்கத் தொடங்கிவிட்டன.

“முடியெல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்றார் அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “எண்ணெய்தான் காணாது.”

அப்பா உடனே எழுந்து, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார்.

“அப்ப, நாள் பாத்துருவோம்” என்றார்.